முழங்கால் தேய்மானத்துக்கு யோகா: வஜ்ராசனம் வேண்டாம், நாற்காலி போதும்

கேள்வி இது: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது காலில் கூடுதல். எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் ‘கிரேடு 3’ என்றார். ஆபரேஷனுக்கு அவசரமில்லை, பயிற்சி செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போகிறது. பக்கத்துத் தெரு யோகா வகுப்பில் வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல், உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. யோகா செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். வஜ்ராசனத்தை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் முழங்கால் கடைசி வரை மடங்கி, அதன்மேல் உடல் எடையும் இறங்குகிறது. ஆழமாக மடங்க மடங்க மூட்டுச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் ஏறும். உள்ளே இருக்கும் ஜவ்வின் பின்பகுதி நசுங்கும். 30 வயதில் இதெல்லாம் ஒன்றும் செய்யாது. குருத்தெலும்பு மெலிந்து ஜவ்வும் பழசாகிப் போன மூட்டில் மறுநாள் வீக்கமாக வெளிப்படும். செரிமானத்துக்காகத்தான் அதைச் சொல்கிறார்கள் என்றால், சாப்பிட்ட பின் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம், பத்து நிமிடம் மெல்ல நடக்கலாம்.

வயதானவர்களுக்கு யோகா என்றாலே நம் ஊரில் ‘வளைவது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேய்ந்த மூட்டுக்கு வளைவு இரண்டாம்பட்சம். மூட்டைச் சுற்றியுள்ள தசை எடையைத் தாங்குகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி அதற்காகத்தான்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். எடை ஏறும்போது அழுந்தி நீரை வெளியே விடும், எடை இறங்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முழு ஓய்வும் தேய்ந்த மூட்டுக்குக் கெடுதல்தான். ‘நடந்தால் இன்னும் தேயும்’ என்று பயந்து கட்டிலோடு இருப்பவர்களுக்கு மூட்டு இன்னும் வேகமாக இறுகிப்போகிறது.

தொடையின் முன்தசையும் இதில் சிக்கிக்கொள்கிறது. முழங்காலில் வலியோ வீக்கமோ இருந்தால் அந்தத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையையே உடல் குறைத்துவிடுகிறது. தசை சூம்புகிறது. அது தாங்க வேண்டிய அதிர்ச்சியை மூட்டு தாங்குகிறது, வலி கூடுகிறது, தசை இன்னும் சூம்புகிறது. படி இறங்கும்போது ‘கால் வெட்டுகிறது’, ‘மடங்கிவிடும்போல் இருக்கிறது’ என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தத் தசைப் பலவீனம்தான்.

எடையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 70 கிலோ இருப்பவர் நாலைந்து கிலோ இறக்கினாலே வித்தியாசம் தெரியும். யோகாவால் மட்டும் எடை இறங்காது. அது தட்டில் நடக்க வேண்டிய வேலை.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்வது நல்லது. ஆசனம் செய்தால் குருத்தெலும்பு மறுபடி வளரும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். வளராது. வலி குறையும், எழுந்து உட்காருவது எளிதாகும், விழும் பயம் குறையும். கிரேடு 3 என்பதற்காகக் கலங்கவும் வேண்டாம். 0 முதல் 4 வரை போகும் அந்த அளவு படத்தில் தெரிவதைச் சொல்கிறதே தவிர வலியைச் சொல்வதில்லை. மோசமான படத்தோடு நன்றாக நடப்பவர்கள் உண்டு. வலியில்லாமல் வரும் ‘கடக் கடக்’ சத்தத்தையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆராய்ச்சி எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதலில் உடற்பயிற்சிக்கும், மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய்-சிக்கும் உறுதியான பரிந்துரை இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு யோகாவை நிபந்தனையோடுதான் சேர்த்திருக்கிறார்கள், சான்று போதவில்லை என்பதால். பெங்களூரு எஸ்-வியாசா பல்கலைக்கழகத்தினர் 250 பேரிடம் நடத்திய ஆய்வில், பிசியோதெரபியோடு யோகா சேர்த்தவர்கள் சாதாரணப் பயிற்சி சேர்த்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 2025-ல் வந்த ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆய்வு 117 பேரிடம் யோகாவையும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் ஒப்பிட்டது. 12 வாரத்தில் வலி குறைந்த அளவில் யோகா பின்தங்கவில்லை. இவற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: முறையாகச் செய்த யோகா நல்ல பிசியோதெரபி பயிற்சிக்கு ஈடாக நிற்கும். அதற்கு மேல் அற்புதம் எதுவும் இல்லை.

தொடங்கும் முன் ஒரு சோதனை

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் கால்வலு குறைவு, விழும் வாய்ப்பு கூடுதல் என்று கணக்கு. கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேதியோடு குறித்து வையுங்கள். ‘கொஞ்சம் தேவலை’ என்ற பேச்சைவிட இந்த எண் நம்பத் தகுந்தது.

கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி முழங்காலின் பின்பக்கம் மெத்தையைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். கை நுழையும் இடைவெளி இருந்தால் கால் முழுதாக நீளவில்லை. பலர் மடங்குவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். நீளாத கால்தான் நடையை அதிகம் கெடுக்கும்: அடிக்கு அடி தொடைத்தசை விடாமல் உழைக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் களைத்துவிடும்.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருப்பது. முழங்கால் ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நகராமல் போவது. கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் இருப்பது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது. காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் தேய்மானத்தில் அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்துதான் முதல் சிகிச்சை.

இடம், பொருள், நேரம்

தரைக்கு இறங்கி எழுவதே பாதி வலியைக் கொடுக்கும் என்றால் கட்டிலில் செய்யட்டும். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், இலவம்பஞ்சு மெத்தையானால் இரண்டாக மடித்த போர்வையைப் பலகைக் கட்டிலில் விரித்துக்கொள்ளலாம். நாற்காலி மரத்திலோ இரும்பிலோ, கைப்பிடி இல்லாததாக, 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் சரி. பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது. முன்பக்கம் எடை போகும்போது பின்கால் தூக்கும், மொசைக் தரையில் வழுக்கும், பழசானால் கால் விரியும். வெறுங்காலோடு செய்ய வேண்டும், சாக்ஸ் வேண்டாம். புடவை தடுக்கும், சுடிதாரோ நைட்டியோ எதுவானாலும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். யோகா பெல்ட்டுக்குப் பதில் ஒரு நீளத் துண்டு போதும்.

விடிந்ததும் செய்தால்தான் பலன் என்ற நம்பிக்கையை மூட்டுவலிக்காரர்கள் விட்டுவிடலாம். இரவு முழுக்க அசையாத மூட்டும், நீர் ஊறி உப்பியிருக்கும் முதுகுத் தட்டுகளும் எழுந்த உடனே வளைவதை விரும்பாது. எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, வெந்நீரில் குளித்தபின் செய்வது சுகம். மாலை ஐந்து மணியும் நல்ல நேரம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், இன்சுலின் போடுபவர் என்றால் ‘வெறும் வயிறு’ விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். படபடப்போ வியர்வையோ வந்தால் நிறுத்திவிட்டு இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதும் வழக்கமாகிவிடக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுவது அந்த வலிதான்.

கட்டிலில்

முதலில் மல்லாந்து படுத்து, இரண்டு கணுக்காலையும் மேலும் கீழும் 15 முறை, பிறகு வட்டமாக இருபுறமும் பத்துப் பத்து. முங்கேரில் உள்ள பீகார் யோகப் பள்ளியின் பவனமுக்தாசன வரிசையில் முதல் பகுதி முழுக்க இப்படிப்பட்ட சின்னச் சின்ன மூட்டசைவுகள்தான், வாதக்காரர்களுக்கென்றே தொகுத்தது. பார்ப்பதற்கு யோகா மாதிரியே இராது. அதனாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது தொடையை இறுக்குவது. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை மெத்தைக்குள் அழுத்துங்கள். மூட்டுச் சில்லு தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆறு நொடி அழுத்தி, ஆறு நொடி விட்டு, ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, தொடைக்குப் பதில் புட்டத்தை இறுக்குவது. தொடைமேல் கையை வைத்துப் பார்த்தால் எது இறுகுகிறது என்று தெரிந்துவிடும். வலி மிகுந்த நாளிலும் இதை விட வேண்டாம், ஏனென்றால் மூட்டு அசைவதே இல்லை.

பிறகு குதிகாலை மெத்தையோடு தேய்த்தபடி புட்டத்தை நோக்கி இழுத்து, மீண்டும் நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் ஒரு வழுக்கும் துணி இருந்தால் எளிது. மடங்குகிற அளவே போதும், கையால் இழுத்து மடக்க வேண்டாம். பத்து முறை.

நேர்காலைத் தூக்குவதில் கவனம் தேவை. ஒரு காலை மடித்து ஊன்றிக்கொண்டு, மற்றக் காலின் தொடையை முதலில் இறுக்கி, முழங்கால் வளையாமல் ஒரு முழம்கூட வேண்டாம், 25 செ.மீ. தூக்கினால் போதும். ஐந்து எண்ணி மெல்ல இறக்க வேண்டும். உயரே தூக்கத் தூக்கத் தொடைக்கு வேலை குறைந்து இடுப்புமுன் தசைக்குப் போகும், முதுகும் வளைந்து வலிக்கும். எண்ணுவதை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். பேசும்போது மூச்சை அடக்க முடியாது. பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் அழுத்தம் சட்டென ஏறும். எட்டு முறையில் தொடங்கி 12 வரை போகலாம்.

இதற்கு அடுத்ததை டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய சென்னை கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் வழியில் வந்தவர்கள் துவிபாத பீடம் என்பார்கள், மற்ற இடங்களில் சேதுபந்தாசனம் என்ற பெயரில் செய்வார்கள். இரண்டு காலையும் மடித்து, பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்கு நேர் கீழே. மூச்சை இழுத்தபடி இடுப்பைத் தூக்கி, விட்டபடி இறக்குவது. இழுத்துப் பிடித்து நிற்காமல் மூச்சோடு ஆறு முறை ஏறி இறங்க வேண்டும். நிலைத்து நிற்பதற்கு முன் அசைந்து பழகுவது அந்த மரபின் பெரிய பங்களிப்பு, வயதானவர்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. பின்தொடையில் சதை பிடித்தால் பாதம் புட்டத்திலிருந்து தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம், இன்னும் நாலு விரல் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது.

ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது இடுப்பின் பக்கத் தசைக்கு. அது தளர்ந்தவர்கள் நடக்கும்போது உடம்பு இரு பக்கமும் சாய்ந்து ஆடும், முழங்காலின் உட்பக்கம் கூடுதல் சுமை ஏறும். நம்மிடையே வில்லாக வளைந்த கால் அதிகம் என்பதால் இது முக்கியம். தூக்கும் காலை உடம்பின் கோட்டுக்குச் சற்றே பின்னால் வைத்து, கால்விரல்கள் முன்னோக்கி, குதிகால் முதலில் மேலெழும்படி தூக்க வேண்டும். விரல்கள் கூரையைப் பார்த்தால் வேலை வேறு தசைக்குப் போய்விடும். எட்டு முறை, இரு பக்கமும்.

கடைசியாகத் துண்டு. பாதத்தில் துண்டை மாட்டி, காலை மேலே உயர்த்தி, பின்தொடையில் இழுவை தெரியும் இடத்தில் 30 நொடி நிற்க வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் பரவாயில்லை. சுளீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரியோ மரத்துப்போவது போலவோ இருந்தால் நரம்பு இழுபடுகிறது, காலைத் தாழ்த்துங்கள். எழும்போது நேராக எழாமல் பக்கம் திரும்பி, கையூன்றி, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் சட்டென எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள். ஆசனத்தால் வரும் காயங்களைவிட இப்படி விழுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நாற்காலியிலும் நின்றும்

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை உத்கடாசனத்தின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த வரிசையிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யட்டும். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்சாய்த்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். உட்காரும்போது நாலு எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. தசை வளர்வது பெரும்பாலும் இந்த மெதுவான இறக்கத்தில்தான். வலி இருந்தால் நாற்காலி இருக்கையின்மேல் போர்வையை மடித்துப் போட்டு ஐந்து முதல் எட்டு செ.மீ. உயர்த்துங்கள். முன்சாயாமல் நேராக எழ முயல்வதாலும், முழங்கால்கள் உட்பக்கம் ஒட்டிக்கொள்வதாலும்தான் பெரும்பாலோருக்கு வலி. தொடைகளைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டி, அதை வெளியே தள்ளியபடி எழுந்தால் முழங்கால் நேர்கோட்டில் நிற்கும். ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து.

முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று ஆசிரியர்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். தாண்டுவது அவ்வளவு பெரிய குற்றமில்லை. படி இறங்கும்போது எல்லோருக்கும் தாண்டத்தான் செய்கிறது. முழங்கால் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத்தான் கண்காணிக்க வேண்டும். அது இரண்டாம் கால்விரலின் நேரே இருக்கட்டும்.

நின்று செய்பவற்றுக்குச் சமையல் மேடையின் விளிம்பு நல்ல பிடிமானம். இரு கையும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி இறக்குவது 12 முறை. பிறகு ஒரு காலைப் பின்வைத்துக் கெண்டைக்காலை 30 நொடி இழுப்பது. வீரபத்ராசனத்தைக் குறுக்கிச் செய்யலாம்: இரண்டு பாதங்களுக்கும் இடையே 60 முதல் 75 செ.மீ. போதும், முன்கால் முழங்காலைச் சிறிதளவே மடக்க வேண்டும், ஒரு கை நாற்காலி முதுகில். மூன்று மூச்சு நின்று மாற்றுங்கள். படங்களில் இருப்பதுபோல் தொடை தரைக்கு இணையாக வரவேண்டியதில்லை. தாடாசனத்திலும் திரிகோணாசனத்திலும் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ‘காலை நேராக்கு’ என்ற குரலுக்குப் பணிந்து அப்படிச் செய்கிறார்கள். முழங்காலை ஒரு மயிரிழை தளர்த்தித் தொடையை இறுக்கி நிற்பதே சரி.

விருக்ஷாசனத்தில் ஒரு காலின் குதிகாலை மற்றக் கணுக்காலில் சாய்த்து, விரல்கள் தரையைத் தொட்டபடி நிற்கலாம். பாதத்தை முழங்காலின் பக்கவாட்டில் வைக்கவே கூடாது. அந்த மூட்டு பக்கவாட்டு அழுத்தத்துக்கு உண்டானதல்ல. ஒரு விரல் மேடையில், பத்து நொடி, மெல்ல 30 வரை. சர்க்கரையால் பாதம் மரத்திருப்பவர் கண்ணை மூடிச் செய்யக் கூடாது.

முடிவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் பத்து நிமிடம் சவாசனம். கும்பகம் (மூச்சை அடக்குவது) இல்லாத நாடிசுத்தி, அதாவது மூக்குத் துளைகளில் மாறி மாறி மூச்சுவிடுவது, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். நாள்பட்ட வலியில் உடம்பு எப்போதும் விறைப்பாகவே இருக்கும், தூக்கமும் கெடும். நீண்ட வெளிமூச்சு அதைத் தளர்த்துகிறது. ஆனால் அந்தத் தலையணையை இரவு முழுக்க வைத்துக்கொண்டு தூங்க விடாதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் அப்படித் தூங்கினால் கால் மடங்கியபடியே இறுகி நீளாமல் போகும்.

எவ்வளவு, எப்போது நிறுத்துவது

முதல் இரண்டு வாரம் கட்டிலில் செய்பவையும் நாற்காலியும் மட்டும், 15 நிமிடம், தினமும். மூன்றாம் வாரத்திலிருந்து நின்று செய்பவற்றைச் சேர்த்து 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஆறாம் வாரத்துக்குப் பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது நாற்காலிப் போர்வையை எடுத்துவிடலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எதனால் வலித்தது என்று தெரியாமல் போகும்.

வலியைப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். செய்யும்போது மூன்று வரை வந்தால் தொடரலாம். நாலு, ஐந்து வந்தால் அசைவின் அளவைக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அன்று அந்த ஆசனம் வேண்டாம். இன்னும் நம்பகமான அளவு மறுநாள் காலை: வலி பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் அளவு சரி. முழங்கால் புசுபுசுவென்று வீங்கியிருந்தால் முந்தைய நாள் செய்ததில் பாதி மட்டும். தொடையில் வரும் சதைவலி வேறு, மூட்டுக்குள் வரும் குத்தல் வேறு. முதலாவது இரண்டு நாளில் போய்விடும், அதற்காக நிறுத்த வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

பத்மாசனம், மலாசனம், முழுக் குத்துக்கால், நீண்ட நேரம் சம்மணம். இவை முழங்காலுக்காக. 68 வயதுப் பெண்ணுக்கு எலும்புப்புரை இருக்கும் வாய்ப்பும் அதிகம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்காதவரை பஸ்சிமோத்தானாசனம், ஹலாசனம், குனிந்து கால்விரலைத் தொடுவது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். 1984-ல் மேயோ கிளினிக் 59 பெண்களிடம் செய்த ஆய்வில் முதுகை முன்வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு முதுகெலும்பில் புதிய நசுங்கல் ஏற்பட்டது. பின்வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். சின்ன ஆய்வு, ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது. அம்மாவுக்குக் குப்புறப் படுக்க முடிந்தால் மார்பை மூன்று விரல் மட்டும் தூக்கும் சின்னப் புஜங்காசனம் நல்லது.

சிரசாசனம் பற்றிச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் இரு மடங்காவதைக் காட்டியது. கிளாகோமா என்ற கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலை தாழும் எந்த ஆசனமும் செய்யக் கூடாது. மூச்சை வேகமாகத் தள்ளும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் பிரஷர், குடலிறக்கம், கருப்பை இறக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது. கருப்பை இறக்கத்தைப் பெண்கள் ஆசிரியரிடம் சொல்வதே இல்லை, மகள் கேட்டால்தான் வெளியே வரும். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம், இடம்-வலம் திருப்பினால் போதும்.

மற்ற மூட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவது சாதாரணம். சுவரில் விரல்களால் ஏறி, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பத்து முறை. யாரையும் விட்டு இழுக்கச் சொல்லாதீர்கள். கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்தவர்கள் உள்ளங்கையை ஊன்றி எடை போடும் ஆசனங்களைச் சுவரில் முன்கையை ஊன்றிச் செய்யலாம். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு மேலே சொன்ன கட்டில் பயிற்சிகள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும், மண்டியிடுவது மட்டும் மருத்துவர் சொன்னால்தான். இடுப்பு மாற்று ஆனவர்கள் கால்மேல் கால் போடுவது, தொடையை 90 பாகைக்கு மேல் மடக்குவது பற்றி அறுவை மருத்துவர் விதித்த தடைகளைக் கேட்காமல் எந்த ஆசனமும் தொடங்கக் கூடாது.

அரை மணி பயிற்சியை மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் கெடுத்துவிடாமல் பார்க்க வேண்டும். இந்தியன் டாய்லெட் என்றால் மேலே வைக்கும் ஸ்டாண்டு வாங்குங்கள், சுவரில் ஒரு கைப்பிடி அடியுங்கள். காய் நறுக்குவது, பூ கட்டுவது எல்லாம் நாற்காலிக்கு மாறட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வலது கால் என்றால் தடி இடது கையில். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: ‘தரையில் உட்கார முடியாதவருக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள்?’ நாற்காலி, சுவர், கட்டில் என்று பதில் வந்தால் சேருங்கள். ‘பழகினால் உட்கார்ந்துவிடுவார்’ என்றால் வேறிடம் பாருங்கள். நாற்பது பேர் ஒன்றாகச் செய்யும் வகுப்பில் யார் முழங்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று யாராலும் பார்க்க முடியாது. முதல் மாதமாவது தனியாகக் கற்பது செலவுக்குத் தகும்.

12 வாரம் முடிந்ததும் அதே நாற்காலியில் அதே 30 நொடிச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு, மூன்று கூடியிருந்தால் வழி சரி, அப்படியே போகலாம். எண் கூடவில்லை, இரவு வலியில் தூக்கமும் போகிறது, வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருக்கிறது என்றால் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை. எலும்பு மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசும் நேரம் அது. அதுவரை செய்த தொடைப் பயிற்சியை ஆபரேஷன் நாள் வரை விடாமல் செய்யட்டும், பலமான தொடையோடு போகிறவர்களுக்கு அதற்குப் பின் எழுந்து நடப்பது எளிது.